பதினாறு என்று சொன்னது, ஆறு என்று கேட்டது

ஜூன் 9, திங்கள்
விழிஞ்ஞம் பக்கம் விடாத மழை. துறைமுக யார்டில் வைஃபை பற்றி இன்று ஒரு புகாரும் இல்லை, அதுவே எனக்குத் திருவிழா. என் மேலதிகாரி கிரீஷ் சாரும் குஷியில் இருக்கிறார். போன வாரம் ஆக்சஸ் பாயிண்டுகளில் டிடிஐஎம் என்ற விழிப்பு இடைவெளி எண்ணை ஒன்றிலிருந்து பத்தாக்கினார். டிரைவர்கள் கையில் இருக்கும் வாக்கி-டாக்கி செட்டுகள் இடையிடையே தூங்குகின்றன, பேட்டரி ஷிப்ட் முழுக்க நிற்கிறது. மேலிடத்தில் சபாஷும் வாங்கியாயிற்று.

ஜூன் 12
கண்ட்ரோல் ரூமிலிருந்து நீது எல்லா செட்டுக்கும் சேர்த்துக் குழு அழைப்பு விட்டாள் — பதினாறாம் வரிசைக் கன்டெய்னர் பெட்டியை எடுக்கச் சொல்லி. டிரைவர் ஆன்சன் தூக்கு வண்டியை ஆறாம் வரிசைக்கு ஓட்டிப்போய்த் தூக்கிவிட்டார். அங்கே சீல் பார்த்துக்கொண்டிருந்த சுஜித்தைப் பெட்டி இடித்துவிட்டது. கை முறிவு. உயிர் தப்பியதே பெரிது.

"சத்தியமா ஆறுன்னுதான் மேடம் கேட்டது," என்றார் ஆன்சன்.

"நான் பதினாறுன்னு தானே சேச்சி பறஞ்ஞது!" நீதுவுக்கு அழுகை நிற்கவில்லை.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். பதினாறு, பளிச்சென்று. ஆன்சனை ஊதச் சொன்னார்கள். குடிக்கவில்லை. ஆனாலும் சஸ்பெண்ட். விசாரணை பத்தொன்பதாம் தேதி, அதில் தோற்றால் வேலை போகும்.

ஜூன் 13
பதிவு சர்வரில் இருக்கிறது. செட்டில் என்ன கேட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஜூன் 14
கிரீஷ் சாரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணினதல்லே மீரா? எல்லாம் க்ளியர்," என்றார்.

க்ளியர்தான். ஆபீசில் செட்டுகள் சார்ஜரில் இருந்தன, ஒன்றும் தூங்கவில்லை. யார்டில் ஒரே ஒரு செட் தூங்கினாலும் போதும், ஆக்சஸ் பாயிண்ட் குழு அழைப்பை எல்லாருக்குமே பிடித்துவைக்கும். எண் பத்து என்றால் கிட்டத்தட்ட ஒரு நொடி வரை. தாமதித்து வந்த குரலைப் பழசு என்று செட் தூக்கி எறிந்துவிடும்.

பதினாறில் முன்பாதி போனால் என்ன மிஞ்சும்?

ஜூன் 15, ஞாயிறு
ஆரியசாலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யார்டுக்கு ஞாயிறு கிடையாது, எண் இன்னும் பத்துதான். எல்லா வரிசை எண்ணையும் இரண்டு தடவை சொல்லு என்று நீதுவுக்குப் போன் பண்ணினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "மேலதிகாரி செஞ்ச காரியம். நீ எதுக்குப் போய் தலையக் குடுக்கே?" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. நியாயமான கேள்விதான், அதனால்தான் கோபம்.

ஜூன் 16
மதிய இடைவேளையில் யார்டு நடுவே நாலைந்து செட்டைத் தூங்கவிட்டு நின்றேன். நீது திரும்பத் திரும்பப் பதினாறு என்றாள். சில தடவை முழுசாக வந்தது. சில தடவை "னாறு". பிறகு, சுத்தமாக, "ஆறு".

ஈஸ்வரா!

போனில் பதிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்காமல் அங்கேயே டிடிஐஎம் எண்ணைப் பழையபடி ஒன்றாக்கினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் குரல் வெட்டுப்படவில்லை.

பதிவைக் கேட்டதும் கிரீஷ் சார் முகம் வெளுத்துவிட்டது. "ரிப்போர்ட்ல ஸாஃப்ட்வேர் தகராறுன்னு எழுதினா மதி, அது போதும். பின்னே எதுக்கு வெறுதே..." என்றார். பழைய எண், புதிய எண், மாற்றிய தேதி, எல்லாம் எழுதிவிட்டேன். அவர் பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19
விசாரணை. மேனேஜர் முன்னால் என் போனிலிருந்து அந்தக் குரலைப் போட்டேன். "ஆறு."

ஆன்சன் அசையவில்லை. "ஒருக்கா கூடி இடுமோ மேடம்?" என்றார். போட்டேன். மறுபடியும் கேட்டார். அப்புறம் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சஸ்பென்ஷன் ரத்து. வெளியே வந்ததும் சொன்னார்: "என் வீட்டுக்காரி ஓமனா செவி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. செவிக்குக் கொழப்பம் ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னப்பதான் மேடம் எனக்குப் பயம் வந்தது. அப்போ கேடு தலைக்குன்னு நினைச்சேன்."



ஜூன் 23
ஆன்சன் வண்டியில் ஏறிவிட்டார். கிரீஷ் சார் என்னோடு பேசுவதில்லை.

அழைப்பு வந்தால் ஆன்சன் உடனே தூக்குவதில்லை. இறங்கிப் போய்ப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். பிறகு செட்டை வாயருகே வைத்து, "பதினாறுதானே?" என்று கேட்கிறார். எந்த எண் வந்தாலும் அதைச் சொல்லி இப்படித்தான் கேட்கிறார், நாள் முழுக்க. நீது ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளாமல், "பதினாறு தன்னே சேட்டா" என்று சொல்லிவிட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்கிறாள்.