பக்கத்துக்கு அடியில், சின்ன எழுத்தில்

மே 9, 1961. செவ்வாய்.

காலையிலிருந்து மூடுபனி. ஏரி தெரியவில்லை. துணி காயாமல் வீடெங்கும் ஈரநாற்றம்.

வாங்க: பூம்பாறைப் பூண்டு, வாழைக்காய், கடலை மாவு, கரி, நல்ல வெற்றிலை (போன தடவை பாதி அழுகல்).

நாளை பேத்தி மங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா மெட்ராஸ் புரொபசர். என் மகன் சுந்தரத்தைப் போலவே சரித்திரம். பல வருடமாக இருவரும் பத்திரிகையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிறவர்கள். ஜாதகம் பொருந்திவிட்டதாம். சீசனுக்கு மலையேறி வந்த இடத்தில் சம்பந்தம்.

மங்கைக்கு மெட்ராஸில் எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். பெற்றவன் சுந்தரம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாயில்லாத பிள்ளை, நான் வளர்த்தது. பி.ஏ.வில் முதல் வகுப்பு. எங்கள் வம்சத்தில் வேறு யார் வாங்கினார்கள்? ஒருத்தரும் இல்லை.

மே 10. புதன்.

வந்தார்கள், போனார்கள். சீ என்று இருக்கிறது.

பஜ்ஜித் தட்டோடு மங்கை திரைக்குப் பின்னால். கூப்பிட ஆளில்லை. கூடத்தில் சண்டை.

“வெள்ளைக்காரன் அச்சு எந்திரமும் பள்ளிக்கூடமும் கொண்டு வரலேன்னா நமக்கு மறுமலர்ச்சி ஏது சார்?” என்று புரொபசர். சுருட்டுச் சாம்பல் என் ஜமக்காளத்தில்.

“அவன் எழுப்பலீங்க. மடத்துலயும் சபையிலயும் நாமளே எந்திரிச்சோம். பழனியில எங்க தாத்தா வெள்ளைக்காரனக் கேட்டா சபை வச்சாரு? பெண் கல்வி வேணும்னு மேடையேறிப் பேசுனாரு. அச்சுல இருக்கு!” என்று சுந்தரம்.

“உங்க தாத்தா படிச்சது மிஷன் பள்ளிக்கூடம். பாதிரி சொல்லிக் குடுத்ததைப் பேசியிருப்பாரு.”

என் அப்பாவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அவர் பெற்ற மகள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இருவர் கண்ணிலும் படவில்லை. பஜ்ஜி ஆறி எண்ணெய் கோத்துக்கொண்டது.

புரொபசர் சம்சாரம் என் காதோரம்: “எங்க வீட்டுல தெனமும் இதே கூத்துதாங்க. தூக்கத்துலயும் யாராவது ஒரு கவர்னரைத் திட்டுவாரு.”

கடைசியில் மங்கை வந்தாள், கும்பிட்டாள். படிப்புப் பேச்சு எழுந்தது.

“பி.ஏ. தாராளம். மேல படிச்சு என்ன செய்யப்போறா? வீட்டுலதான் என் புஸ்தகமெல்லாம் இருக்கே,” என்றார் புரொபசர்.

“நானும் அதேதாங்க நெனச்சேன்,” என்றான் என் மகன்.

இத்தனை வருடச் சண்டையில் இருவரும் ஒத்துப்போனது இது ஒன்றில்தான். கை குலுக்கிக்கொண்டார்கள். ஆறின பஜ்ஜியையும் தின்று தீர்த்தார்கள்.

மே 11. வியாழன்.

வெயில். துணி காய்ந்தது.

பூண்டு உரித்துக்கொண்டே அப்பா நினைப்பு. ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதல். பெரிய மனுஷி ஆனதும் நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் சபையில் அவருடைய பெண் கல்விப் பேச்சு. அவர் எழுத்து கோழி கிளறிய மாதிரி, அவருக்கே புரியாது. நான்தான் அழகாகப் படியெடுத்துக் கொடுத்தேன். பெண்களை அறியாமையில் வைப்பது பாவம் என்று என் கையால் எழுதி, மை காய ஊதி, எழுந்து உலை வைக்கப் போனேன். கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போகவில்லை. கைதட்டல் மட்டும் வீடு வரை கேட்டது.

சுந்தரத்திடம் சொன்னேன். கொஞ்சமாவது சுருக்கென்று இருக்கும் என்று பார்த்தால், முகமெல்லாம் பல்.

“அடடே, நல்ல தகவலும்மா இது! என் புஸ்தகத்தோட அடுத்த பதிப்புல அடிக்குறிப்பாப் போட்டுடறேன்.”

“அடிக்குறிப்புன்னா என்னடா?”

“பக்கத்துக்கு அடியில, சின்ன எழுத்துல வரும்.”

“அப்ப மங்கையை எதுல போடப்போற?”

பேனா மூடியைத் தேட ஆரம்பித்தான். தூ.

மங்கையிடம் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். “காலு மட்டுந்தான் பாத்தேன் அப்பத்தா. சாக்ஸ்ல ஓட்டை.” சிரித்தாள். கொஞ்சம் கழித்து, கப்பைக் கழுவிக்கொண்டே, “எனக்குப் படிக்கணும்.”

மே 14. ஞாயிறு.

நிச்சயத் தாம்பூலம். மூத்தவள் நான். தட்டு என் கையிலிருந்துதான் மாற வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழவில்லை.

“அம்மா, எந்திரிங்க. நல்ல நேரம் போகுது.”

“அவ எம்.ஏ. முடிக்கட்டும்ல. அதுவரைக்கும் தட்டு இங்கனயே கெடக்கட்டும்.”

“வெத்தல வாடிரும்மா!”

“வாடட்டும். மறுபடி மலர வைக்கத்தான் ரெண்டு பேரும் அம்புட்டுப் படிச்சிருக்கீகளே.”

புரொபசர் கோட்டை மாட்டினார். “பெரியவங்க பழைய காலத்து ஆளு சார். முன்னேற்றம்னா இவங்களுக்குப் புரியாது.” என்னைப் பார்த்து! என் வீட்டில், என் காப்பியைக் குடித்துவிட்டு!

பையன் அப்பாவுக்குப் பின்னாலேயே எழுந்து போனான். இன்று சாக்ஸ் புதுசு. அந்தம்மா மட்டும் வாசலில் மங்கையின் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள்.

ஜமக்காளத்தைத் துவைக்கப் போட்டேன். சாம்பல் கறை போகவில்லை.

ஜூன் 19. திங்கள்.

மழை. ஒரு மாதமாக சுந்தரம் என்னோடு பேச்சில்லை. சோறு மட்டும் இறங்குகிறது.

மங்கைக்கு: பெட்டி, நார்த்தங்காய் ஊறுகாய், சீயக்காய், என் குடை. கம்பளி வேண்டாமாம், மெட்ராஸ் வெயில்.

வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூட்டி வந்தேன். ஆரன் அடித்த பிறகு சுந்தரம் ஓட்டமாக வந்தான். என்னைப் பார்க்காமல், ஜன்னல் வழியாக அவளிடம், “எம்.ஏ.க்குக் கட்டுரை எழுதச் சொன்னா எதைப் பத்தி எழுதுவ?”

“உங்க தாத்தா சபையப் பத்தித்தாம்ப்பா. மேல அப்பத்தா வருவாங்க. நீங்களும் அந்த புரொபசரும் அடியில, சின்ன எழுத்துல.”

கண்டக்டர் சிரித்துவிட்டான். சுந்தரம் சிரித்தானா இருமினானா, தெரியவில்லை.

பஸ் போய்விட்டது. மழை வலுத்தது. தன் குடையை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை.