எனக்கு மட்டும் நார்மல்

செமோர்,
ஞாயிறு, 16 நவம்பர்.

என் அருமைத் தங்கை பெல்லாவுக்கு,

அக்கா பெர்னடெட் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ராட்னியும் ஜொகூரில் சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்பாராக. இங்கே அப்பா சுகம், உன் அத்தானும் சுகம். நான் எப்படி என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ "அக்கா" என்று ஆரம்பித்தாலே போதும், நான் சமையல் கதைக்குப் போய்விடுவேன். ராட்னிக்கு வேறு எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற பழக்கம். இதை நீ தனியாக உட்கார்ந்து படி.

பின்கட்டுக் கூரை மறுபடி ஒழுகுகிறது. பிஸ்கட் பேக்டரியில் கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்து குவிந்து கிடக்கிறது, ஒரு நாள் லீவு, சூத்தி கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறாள். அப்பாவுக்கு முட்டிவலி, ஆனால் வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. உன் வீட்டின்மேலோ புருஷன்மேலோ இல்லை, உன் தைராய்டின்மேல். சிரிக்காதேடி.

ஜனவரியில் ராட்னி முதலில் ஜொகூருக்குப் போக, வீடு கிடைக்கும்வரை நீ எங்களோடு வந்து தங்கினாய். வந்த இரண்டாவது வாரமே களைப்பாக இருக்கிறதென்று கிளினிக்குக்குப் போனாய். ரத்தப் பரிசோதனையில் ஒரு நம்பர் எகிறி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டு வந்தது. அன்றிலிருந்து நீதான் இந்த வீட்டு மகாராணி. வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்குப் பிறகு அரை மணி நேரம் காபி கூடாது என்றார்கள். உனக்குத் துணையாக அப்பாவும் காபியைத் தள்ளிப் போட்டார். யார், நம் அப்பா சூசைநாதன்! ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டப் போன காலத்திலிருந்து ஐந்து மணிக்குக் காபி வராவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிற மனுஷன். எனக்காக அவர் ஒரு நாள்கூடக் காத்திருந்ததில்லை.

உனக்கு ஒரு வருஷம் முந்தியே எனக்கு அந்தக் களைப்பு வந்துவிட்டது. வெயிலில் ஈப்போவே கொதிக்கும்போது நான் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். குளியலறைச் சல்லடையில் அடைக்கிற என் முடியை உன் அத்தான் முனகிக்கொண்டே எடுத்துப் போடுகிறார். காலையில் முகம் உப்பிக் கிடக்கிறது. பாடற்குழுவில் மேல்குரல் பாடினவள், இப்போது வாயைத் திறந்தால் தவளை கத்துகிறது. பிப்ரவரியில் நானும் போய் ரத்தம் கொடுத்தேன். நார்மல். அந்த டாக்டர் காகிதத்தைப் பார்த்தாரே தவிர, என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எக்சர்சைஸ் பண்ணச் சொன்னார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பிஸ்கட் அடுக்குகிறவளுக்கு எக்சர்சைஸாம்!

உனக்கு லீவு எடுக்க டாக்டர் எம்.சி. கிடைத்தது, எனக்கு வைட்டமின் கிடைத்தது. நீ மத்தியானம் படுத்தால் "பாவம், பிள்ளைக்கு முடியல" என்பார்கள். நான் படுத்தால் "நார்மல்னுதான சொன்னாங்க, எந்திரிச்சு வேலையப் பாரு லா" என்பார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாம்?

கோவிலில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் உன் பெயரை வாசித்தார்கள். நம் தாமான் குடியிருப்பின் அன்பிய ஜெபக்குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்து, உன் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அத்தனை பேருக்கும் தேத்தண்ணி கலக்கியது நான். தட்டைத் தூக்க முடியாமல் இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு, கோவில் வாசலில் நோயாளிகள் பெயர் எழுதும் நோட்டில் என் பெயரை நானே எழுதினேன். வாசிக்கவும் செய்தார்கள். பூசை முடிந்ததும் நவமணி அக்கா எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "என்ன பெர்னடெட், ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களே? கோயில் நோட்டுல போய் பொய் எழுதலாமா லா?" எனக்கு நிலத்தைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் காலை உன் போத்தலிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆமாம் பெல்லா, நான்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்குக் கொடுத்த மருந்தை வீட்டில் நாலு பேர் பங்கு போட்டுக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். உனக்குக் கேட்கிற மருந்து எனக்கும் கேட்கும் என்று நினைத்தேன். முதலில் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு, மூன்று. கொஞ்சம் தெம்பு வந்த மாதிரியும் இருந்தது. அது மாத்திரையாலா, உன்னிடமிருந்து எடுத்ததாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் உன் மாத்திரை பன்னிரண்டு நாள் முன்னாலேயே தீர்ந்துபோனது. மருந்து கவுண்டரில் "ரெண்டு ரெண்டாப் போடுறீங்களா" என்று கேட்டார்கள், தேதிக்கு முன்னால் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள் என்று வந்து அழுதாய். ராட்னி போனில் "எண்ணக்கூடத் தெரியாதா ஒனக்கு" என்று கத்தினான். நீ என் மடியில் தலைவைத்து, "மறதில நான்தான் ரெண்டு தடவ போட்டிருப்பேங்க்கா" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டே, "ஆமாடி, இந்த நோய்க்கு மறதி வரும்னு சொல்றாங்க" என்றேன். பன்னிரண்டு நாள் மருந்தில்லாமல் நீ சுருண்டு கிடந்தாய். கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் நான்தான். என்னைவிடப் பெரிய பாவி இருப்பாளா?

அதோடு நிறுத்தினேன் என்றும் நினைக்காதே. நீ ஜூலையில் போன பிறகு, நீ போட்டுவிட்டுப் போன காலிப் போத்தலைக் காட்டி ஈப்போவில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து "இசபெல்லாவா?" என்றார். ஆமாம் என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் பேக்டரியில் மயங்கி விழுந்தேன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடி நார்மல். ஆனால் இந்தத் தடவை கிளினிக்கில் ஷர்மினி என்று ஒரு சின்ன வயசு டாக்டர். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அந்தப் பெண். முதல் ரிப்போர்ட் நார்மலுக்குள்ளே இருந்தாலும் ஓரத்தில் நிற்கிறது, இரண்டாவது நடுவில் வந்திருக்கிறது, நீங்களோ இன்னும் மோசமாகத் தெரிகிறீர்கள், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டது. இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டது, அப்போதும் இல்லை என்றேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். பஸ்ஸும் வந்தது, ஏறக் கால் வரவில்லை. திரும்பிப் போனேன். நம்பர் எடுக்கவில்லையென்று நர்ஸ் மிஸ்ஸி சத்தம் போட்டாள், காதில் வாங்காமல் உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் முதலில் நன்றாகத் திட்டியது. இதயத் துடிப்பே தாறுமாறாகப் போயிருக்கும், தெரியுமா என்றது. அப்புறம் பொறுமையாகச் சொன்னது: "மாத்திர உள்ள இருந்தா ரத்தம் நல்லாத்தான் காட்டும் ஆன்ட்டி. இத வச்சு ஒங்க ஒடம்பப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நிறுத்துங்க, ஆறு வாரம் கழிச்சுப் பாப்போம். அப்பவும் நார்மல்னு வந்தா இரும்புச்சத்து, மாதவிலக்கு நிக்கிற வயசு, தூக்கம்னு ஒவ்வொண்ணாத் தேடலாம். ஒங்களுக்கு முடியலங்கிறது எனக்குத் தெரியுது லா." அந்தக் கடைசி வார்த்தைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆறு வாரம் மாத்திரையைத் தொடவில்லை. முந்தாநாள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மோசமாக வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்படி ஒரு ஜெபத்தை மாதாவே கேட்டிருக்க மாட்டாள்.

ராட்னியிடம் நீயே சொல்லிவிடு, உனக்கு எண்ணத் தெரியும், மறதி ஒன்றும் இல்லை, எடுத்தது அக்கா என்று. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ திட்டினாலும் வாங்கிக்கொள்வேன், ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் தகும்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். 26-ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரிசல்ட். நம்பர் தெரிந்த பிறகு அப்பா கேட்பார், அத்தான் கேட்பார், நவமணி அக்காகூடக் கேட்பார். நீ மட்டும் ஒன்பது மணிக்கே கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடு பெல்லா.

மாதா உன்னைத் தன் மடியில் வைத்துக் காப்பாளாக.

உன் அக்கா,
பெர்னடெட்