அமெரிக்க மந்திரியிடம் தோற்றேன்

ஞாயிறு இரவு, ஸ்டுட்கார்ட்.

இன்று எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தெரிவு; நானும் போட்டியிட்டேன். பேச்சை எழுதி வாசிப்பது எனக்குச் சரிவராது. தொலைக்காட்சியில் கேட்டதை நினைவிலிருந்தே சொன்னேன்: புரட்சி தோற்று இதே ஜெர்மனியை விட்டு ஓடிய ஓர் அகதி, அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆங்கிலம் படித்து, அடிமை முறையை எதிர்த்துப் பேசி, மந்திரியே ஆனார். அகதியான என்னையும் தலைவராக்குங்கள் என்று முடித்தேன்.

"அண்ணை, அவரையே போடுவம்!" என்றான் பேக்கரி சிவா.

"அவர் செத்து நூறு வருசமடா!"

"அப்ப சங்கக் காசிலை கை வைக்கமாட்டார்."

சிரிப்போடு எல்லாக் கைகளும் அவருக்கே உயர்ந்தன. முதற்கை என் மனைவியுடையது. வீட்டில் ஏனென்று கேட்டேன்.

"அவர் போன நாட்டுப் பாஷையைப் படிச்சவர். நீங்கள் இன்னும் டாக்டரிட்டைக் கதைக்க என்னைத்தானே கூட்டிக்கொண்டு போறியள்?"

செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்க டெர்மின், முன்கூட்டியே எடுத்த நேரம், இருக்கிறது. இப்போது சண்டை பிடிக்க ஏலாது.