முந்நூறு படியும் ஒரு பம்பும்

கிரின்ஸ்டெட்
02.04.2024

அன்புள்ள தவமணி அக்காவுக்கு,

ஏழு வருடம் பிந்தி எழுதுகிறேன். உங்கள் டெலிபோன் இலக்கத்தைக் கோபத்தில் அன்றைக்கே அழித்துவிட்டேன். விலாசம் மட்டும் மனதில் கிடந்தது.

சாருஜாவுக்குப் பதினான்கு வயதாகிவிட்டது. பள்ளிக்கூட மாணவர் பரிமாற்றத்தில் டென்மார்க்கிலிருந்து உங்கள் பிரான்சுக்கு, கொல்மாருக்குப் போகிறாள். பதினெட்டாம் திகதி ஒருநாள் முழுக்க உங்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம். காலை பத்து மணிக்குப் பெரிய தேவாலயத்து வாசலில் நிற்பார்கள். தொய்வு இன்னும் அவளை விட்டபாடில்லை, அதே மூச்சிரைப்புத்தான். டீச்சருக்கு மூன்று மெயில் போட்டுவிட்டேன். "அம்மா, போதும்" என்று டேனிஷில் கத்துகிறாள்.

தூரத்தில் நின்று அவளை ஒருதரம் பார்ப்பீர்களா? கிட்டப் போக வேண்டாம். அவளுக்கு வெட்கம். எனக்குப் பயம். அன்றைக்கு உங்கள் வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டினபோது, "மருந்துப் பம்ப் வேண்டாம், கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்று தலையில் கைவைத்து ஜெபித்துக்கொண்டு நின்றீர்களே, அதை நான் மறக்கவில்லை. இருந்தும் அந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சுஜீதா


ஸ்ட்ராஸ்பூர்க்
19.04.2024

என் சுஜிக்கு,

முதலில், பிள்ளை சுகம். மிச்சத்தை ஆறுதலாக வாசி.

நீ சொன்னபடி தூரத்தில்தான் நின்றேன். பச்சை ஜாக்கெட், அப்படியே உன் நடை. அவர்கள் கோபுரத்தில் ஏற, நானும் சீட்டு எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். முந்நூறு படிக்கு மேல். பாதியில் ஓர் இரைப்புச் சத்தம். எனக்குப் பழக்கமான சத்தம். அவளுடைய பம்ப் பஸ்ஸில் விட்ட பையில். டீச்சர் வெளிறிப்போனா.

என் கைப்பையில் ஒன்று இருந்தது. ஓம், என்னுடையதுதான். போன வருடம் எனக்கும் தொய்வு வந்தது. முதல் தரம் மூச்சு முட்டினபோது உன் பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவளுடையதைப் போலவே நீலப் பம்ப். கண்டதும் பறித்து இழுத்தாள்.

மூச்சு வந்தபிறகு, "நீங்கள் ஆர்?" என்று கேட்டாள்.

"அம்மான்ர அக்கா."

"அப்ப எனக்குப் பெரியம்மா."

தமிழில்தான் சொன்னாள், சுஜி.

அரைமணி நேரம் படியிலேயே இருந்தோம். சனம் எங்களைத் தாண்டிப் போனது. நான் அவள் தலையில் கைவைக்கவில்லை. ஜெபம் வாய்வரை வந்தது. உன்னைக் கேட்காமல் செய்யக்கூடாதென்று விழுங்கிவிட்டேன். அன்றைக்கும் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

தவமணி


கிரின்ஸ்டெட்
30.04.2024

அன்புள்ள அக்கா,

சாருஜா பையைக் கீழே வைக்க முன்னமே தொடங்கிவிட்டாள்: "பெரியம்மா உங்களைவிட மோசம். மூச்சு வந்த உடனே சாப்பிட்டியோ எண்டுதான் கேட்டவ." நீங்கள் கொண்டுபோன மீன் ரோல்ஸ் முழுவதையும் டேனிஷ் பிள்ளைகள் முடித்துவிட்டார்களாம். கிட்டப் போக வேண்டாம் என்று சொல்லியும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனீர்களே.

டீச்சரும் மெயில் போட்டிருந்தா. 'உங்கள் அக்கா அங்கே இருந்ததற்கு நன்றி' என்று ஒரே ஒரு வரி. மூன்று தரம் வாசித்தேன். நன்றி சொல்ல நான் கடிதம் எழுதத் தொடங்கி, நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

யூலை விடுமுறைக்கு வாருங்கள். பில்லுண்டுக்கு விமானம் எடுங்கள். இங்கே பஸ்ஸை நம்ப முடியாது, இவர் காரோடு வந்து நிற்பார். சாருஜா தன் அறையைத் தருவாளாம்.

ஜெபத்தை இனி விழுங்க வேண்டாம், அக்கா. அவள் தலையில் கைவைத்தே ஜெபியுங்கள். பம்பைக் கொடுத்தபிறகு.

உங்கள் சுஜி