வீராங்கனைப் பட்டம் எனக்கு வேண்டாம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் இந்தக் காகிதம்.

நீ நச்சரித்துச் சேர்த்துவிட்ட மனவலிமை வகுப்புக்கு நாலு வாரமாகப் போகிறேன். என் மார்பை எடுத்த அதே ஆஸ்பத்திரியில், மாடியில் ஓர் அறை. சொல்லிக்கொடுப்பவளுக்கு உன் வயசுகூட இருக்காது, ஒரு காய்ச்சலுக்காவது படுத்திருப்பாளோ என்னவோ. கண்ணாடியைப் பார்த்து “நான் ஜெயிச்சுட்டேன்” என்று பத்துத் தடவை சொல்ல வேண்டுமாம். எனக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்புவதே இல்லை, இந்த லட்சணத்தில் தலைக்கு மேல் கைதட்டல் வேறு. யாரை ஜெயித்தேன்? படு என்றார்கள், படுத்தேன், வெட்டினார்கள், எழுந்து வந்தேன். இதற்குப் பெயர் வீராங்கனை. நீ மட்டும் சளைத்தவளா, விடிந்தால் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு பொன்மொழி. உன் சின்ன அத்தை வந்தால் என் முகத்தையே பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு “ஒண்ணுமே தெரியல அண்ணி” என்கிறாள்.

பக்கத்து நாற்காலியில் தபால் ஆபீஸ்காரி ஒருத்தி. அவளுக்கும் என்னைப்போலத்தான், எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சுத் திண்டு எடையே இல்லாமல் மேலே ஏறுகிறது என்று எப்போதும் கைப்பையை மார்போடு அணைத்தபடி இருப்பாள். முப்பது வருஷம் பெண்களுக்கு உடுப்புத் தைத்த எனக்கு இது பொறுக்குமா? வீட்டுக்கு வரச்சொல்லி அளவெடுத்து, உள்ளே பாசிமணி வைத்து எடை சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கூடத்தில் கையை வீசி நடந்தாள். வகுப்பை நினைத்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம்தான் கேட்டாள், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கிற ஒரு வருஷ ஸ்கேன் என்ன ஆச்சு என்று. எல்லாம் நல்லபடி என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். “வகுப்புல அத்தனை வாய் பேசறீங்க, இதுக்கு மட்டும் கால் வரலையா?” என்றாள். ஊரையே ஏளனம் செய்கிற நான் குனிந்து தரையில் கிடந்த நூல் பிசிறைப் பொறுக்கினேன். போன தடவை அவளும் வாந்தி எடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாளாம். நாலு வாரத்தில் நான் கேட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் போகிறேன், அவள் கூட வருகிறாள். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. வேலையைப் போட்டுவிட்டு ஓடியும் வராதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். அன்று ஒன்பதரைக்கு மறக்காமல் கூப்பிடு. தைரியமாக இரு என்று மட்டும் சொல்லாதே, அது என்னிடம் இல்லை. என் பெயரைச் சொல்லி உள்ளே அழைக்கும்வரை போனை வைக்காமல் இரு, போதும்.

பயந்துகொண்டே போகப்போகிற
உன் அம்மா