மாடிப்படி அலறல்

பாப்பா,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, ஆனால் மாடி ஏறும்போது மட்டும் நான் பக்கத்தில் இருந்தால் ‘அம்மா’ என்கிறார், இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் ஏறிவிடுகிறார் என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொன்னாள். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உன் தோள்வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தபடியே கிடக்கிறாயா? போன வாரம் போனில், சித்தி உன் பேச்சையே எடுக்க மாட்டேங்கறாளே, உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நிமிஷம் பேசினாலே தொண்டை தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். வாயால் சொல்ல வெட்கம் என்பதும் உண்மைதான்.

நீ பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பு பேய்ப் படம் ஓடு ஓடென்று ஓடிய காலத்தில் நானும் சித்தியும் டப்பிங்குக்குப் போனோம், உனக்குத் தெரியும். கதாநாயகிக்குப் பேச வேறொருத்தி, அலறுவதற்கு மட்டும் நாங்கள். அப்போது வந்ததுதான் அந்த மாடிப்படிப் படம். அதில் அவள் படியில் ஏறுகிற ஒரு நிமிஷமும் பாட்டு இல்லை, மேளம் இல்லை, செருப்புச் சத்தம்கூட இல்லை. டைரக்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் என் அலறலை மட்டும் வைத்தார். தியேட்டரில் ஜனங்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு படம் ஓடியதைப் பார்த்து நாற்பது பேர் நாற்பது பேய் எடுத்தார்கள், எல்லாப் பேயும் ஒரே பேய். ஜனங்களுக்குச் சலித்துப்போனது. பத்து வருஷத்துக்குப் பேயை ஒருத்தரும் சீண்டவில்லை. பிறகு நீ ஆறாவது படிக்கும்போது மறுபடியும் ஒரு அலை வந்தது, அதில் பேய் டான்ஸ் ஆடியது, ஜோக் அடித்தது, கடைசி ரீலில் அழுது மன்னிப்பும் கேட்டது. அதுவும் ஓய்ந்தது. இப்போது மூன்றாவது அலை.

இந்த அலையில் ஏஜெண்ட் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் என் தொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன்? ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? நேராகச் சித்தியைக் கூப்பிட்டான். அவள் ஆஸ்பத்திரி வரவேற்பில் டோக்கன் நம்பர் கூப்பிட்டே இருபது வருஷம் ஓட்டி இப்போதுதான் ஓய்வு பெற்றாள். போனாள், பேசினாள், படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அவள் போட்டோ. தலைமுடிக்குச் சாயம் அடித்திருந்தாள். கீழே ஒரு வரி, அந்தக் காலத்து மாடிப்படி அலறலும் இவருடையதே என்று. பாப்பா, எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் சொன்னாளா, அவர்களாக எழுதினார்களா என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவள் போன் செய்தால் அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவேன்.

பிறகு ஒருநாள் கண் டாக்டரிடம் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவள் படத்தின் பகல் காட்சிக்குப் போனேன். படம் மட்டமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன் என்றுகூடச் சொல்லலாம். மட்டமாகத்தான் இருந்தது! கதவு படாரென்று பதினொரு தடவை அடித்தது, எண்ணினேன். பூனை நாலு தடவை குதித்தது. பயமுறுத்தத் தெரியாதவன் காதுக்குப் பக்கத்தில் தட்டைப் போட்டு உடைக்கிற மாதிரி இரண்டு நிமிஷத்துக்கு ஒரு இடி. முன்னால் இருந்த பிள்ளைகள் துள்ளி விழுந்தார்கள், உடனே சிரித்தார்கள், உடனே போனைப் பார்த்தார்கள். திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு என்று இவர்களுக்கு யார் சொல்வது? சித்தியின் அலறலும் சுமார்தான், மூக்கிலிருந்து வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சோளப்பொரி வாங்கி வந்து சாய்ந்து உட்கார்ந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. வீட்டில் யாரும் இல்லை என்று நமக்குத் தெரியும். மகள் மாடியில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். கீழே சமையலறையிலிருந்து செத்துப்போன அம்மா கூப்பிடுகிறாள். டீ ஆறிப்போகுது, கீழே வா. அவ்வளவுதான். இடி இல்லை, இசை இல்லை. டோக்கன் நம்பர் கூப்பிடுகிற மாதிரி, அடுத்த ஆள் வந்துதானே தீர வேண்டும் என்கிற நிதானத்தோடு கூப்பிட்டாள். முன்வரிசையில் ஒவ்வொரு போனாக வெளிச்சம் அணைந்தது. எனக்குக் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. சின்ன வயசிலிருந்து நான் கேட்ட சித்தி குரல், அது எனக்கே பயம் காட்டிவிட்டது. நான் கத்தித்தான் பயமுறுத்தினேன். அவள் கத்தாமலே செய்துவிட்டாள். என்னால் அது ஒருநாளும் முடிந்திருக்காது. வெளியே வரும்போது போனபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு பொறாமை.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, படம் பாத்துட்டு வர்றியா அக்கா, எப்படி இருந்துச்சு என்று ஆசையாகக் கேட்டாள். நல்லா இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. பேப்பர்ல அப்படி எழுதியிருக்கே, அது யாரு அலறல் என்று கேட்டேன். நான் சொல்லல அக்கா, அவங்களா எழுதிட்டாங்க, ஆனா மாத்தச் சொல்லவும் இல்ல, கொஞ்ச நாளைக்கு அது என்னதா இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன் என்றாள். அவள் அப்படி ஒளிக்காமல் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. நான் உனக்குக்கூடச் சொல்லாத ஒன்றை அங்கே நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டாவது அலையில் சித்தி நம் வீட்டு மாடியில் குடியிருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? போன் நம் வீட்டில்தான். ஏஜெண்ட் கூப்பிட்டு, சின்னவங்க குரல்தான் இந்தப் படத்துக்குச் சரியா இருக்கும், அவங்களைக் கூப்பிடுங்க என்றான். அவள் மேலே துணி காயப்போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்டது. அவளுக்குச் சளி பிடிச்சு தொண்டை கட்டிப்போச்சு, நான் வரட்டுமா என்றேன். அந்த மூன்று வருஷமும் வேலை எல்லாம் எனக்கே வந்தது. தன்னை யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள்.

எத்தனை தடவை அப்படிச் சொன்னே என்று கேட்டாள். ஒரு தடவை என்றேன். என் முகத்தையே பார்த்தாள். நாலு தடவை என்றேன். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள், கை துடைத்தாள், கெளம்பு அக்கா என்றாள். திட்டவில்லை. கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், மெதுவாகச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் போன் வரவில்லை. இந்த முறை நான் கூப்பிட்டேன், அவள் எடுக்கவில்லை. அவளிடம் நான் பறித்தது படங்களை மட்டும் அல்ல பாப்பா, தன்னை யாரும் கேட்கவில்லை என்கிற நினைப்பை இருபது வருஷம் அவள் சுமக்கும்படி விட்டுவிட்டேன். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

போன புதன்கிழமை அதே பத்திரிகையில் திருத்தம் வந்தது. மாடிப்படிப் படத்தில் அலறியவர் இவருடைய அக்கா, இவரே தெரிவித்தார் என்று இரண்டு வரி. பக்கத்தில் மறுபடியும் அவள் போட்டோ. செய்தி என்னுடையது, முகம் அவளுடையது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. கத்தரித்து, போட்டோ தெரியாதபடி மடித்து வைத்தேன். சாயங்காலம் வெட்கமாகிப்போய்ப் பிரித்து நேராக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத, வேலை விஷயமா வந்திருக்கேன் என்றாள். படத்தின் இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். மாடிப்படி அலறல் மாதிரியே ஒன்று வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதம் பிடிக்கிறாராம். அது எப்படி செஞ்ச, சொல்லு என்று சின்ன நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். சொன்னேன். ரெக்கார்டிங்குக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடாதே, மைக்குக்கு நேராக நிற்காதே, தோளைத் திருப்பிக்கொள், பேயை நினைக்காதே, பிள்ளை கையை விட்டுத் தெருவில் ஓடியதை நினை. எல்லாம் எழுதிக்கொண்டாள். என் கையால் போட்ட காபியைக் குடித்தாள், நல்லா இருக்கு என்று சொல்லவில்லை, ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

எல்லாம் சொன்னேன் என்றேனே, ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எல்லாரும் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கத்துவார்கள். நான் அன்றைக்கு மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாதபோது கத்தினேன். அதனால்தான் முதலில் வெறும் காற்றாக இழுத்து, பிறகு உடைந்து வந்தது. அதை அவளிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. நான் பெரிய மனசுக்காரி இல்லை பாப்பா. ரெக்கார்டிங் பன்னிரண்டாம் தேதி. அதற்குள் அவள் எப்படியும் உனக்கு போன் செய்வாள். அப்போது நீ ஏதோ என்றைக்கோ அம்மா சொன்னாள் என்கிற மாதிரி இதைச் சொல்லிவிடு. நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே. எனக்கும் சொல்லாதே, சொல்லிவிட்டாய் என்று தெரிந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

குட்டியை இருட்டில் டி.வி. பார்க்க விடாதே. மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும். தேதியை மறந்துவிடாதே, பன்னிரண்டு.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா