தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஒரு சாவி

மார்ச் 4
எங்கள் கிளினிக்குக்குக் கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே மெஷின் வாங்க டாக்டரம்மா ஒருவழியாகச் சம்மதித்தார். "தூக்கப்போறதும் நீ, படம் எடுக்கப்போறதும் நீ. நீயே பார்த்துச் சொல்லு." விற்பனைக்காரர் சின்ன மெஷினோடு வந்து, தன் கையையே படம் எடுத்துக் காட்டினார். நர்ஸ் வாயைப் பிளந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேவையில்லாமல் யாராவது கதிரை வாங்கிக்கொள்வார்களா? அதோடு, கையில் என்ன சதையா இருக்கிறது? எந்த மெஷினிலும் கை அழகாகத்தான் விழும்.

மார்ச் 5
அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். காலை ஊன்றவே முடியவில்லை. அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன வருடம் காய்ச்சலில் அவளை நாற்காலியில் வைத்து நாலு பேர் இறக்கியபோது, அவள் எடையைப் பார்த்துக் கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து படியிறங்கவில்லை. "வெறும் சுளுக்குடி. செத்தாத்தான் இனி இறங்குவேன்." டாக்டரம்மா மேலே வந்து பார்த்தார். இடுப்பெலும்பு போயிருக்கலாம், படம் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அக்காவா மசிவாள்?

மார்ச் 6
பரீட்சார்த்தமாகக் கொடுத்த சின்ன மெஷினை மாடிக்குக் கொண்டுபோனேன். இடுப்பை எடுத்தால் ஒரே மூட்டம்.
"உடைஞ்சது தெரியலை இல்ல? அப்போ உடையலை."
ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் எழுந்து நடந்திருப்பாள். நினைத்தாலே பகீரென்கிறது. "படமே விழலைக்கா. அசையாம படு," என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 7
இன்னொரு கம்பெனிக்காரர் பெரிய மெஷின் கொண்டுவந்தார். ஸ்டாண்டோடு இரண்டு பெட்டி. இவரும் கையை நீட்டினார்!
"கையை எடுங்க சார்."
குடிதண்ணீர் கேனை நிறைத்து மேசையில் வைத்து, அதன் பின்னால் பீரோ சாவியை ஒட்டினேன். அக்காவுக்கு மறுபடி வீணாகப் படம் எடுக்கக் கூடாதே. தண்ணீரும் சதை மாதிரிதான் கதிரைத் தடுக்கும்; கேன்தான் இன்று அக்கா. சின்னதில் ஏதோ கறை மாதிரி தெரிந்தது. பெரியதில் சாவியின் பல்கூடத் தெரிந்தது.
"இதை யாரும்மா தூக்குறது?" என்றார் டாக்டரம்மா.
"நான்தான். வேற யாரு?"

மார்ச் 8
டிரைவரும் நானும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மாடிக்கு மாடி உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அக்கா பார்த்துவிட்டு, "இதுக்கு என்னையே தூக்கியிருக்கலாமேடி!" என்றாள். சிரிப்பில், கதிர் படாமலிருக்க நான் மாட்டியிருந்த ஈய ஏப்ரன்கூட நழுவிவிட்டது.
படம் பளிச்சென்று விழுந்தது. இடுப்போடு சேரும் இடத்தில், தொடையெலும்பின் கழுத்தில் மெல்லிசாக ஒரு கோடு. திரையை அவள் பக்கம் திருப்பினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"இத்தனூண்டுக்கா இந்த வலி?"
"ஆமாக்கா. நடந்தா விலகிடும்."
"சரி. நாற்காலி கொண்டுவரச் சொல்லு. நீ முன்னாடி போ. எவனாவது சிரிச்சான்னா நீ பார்த்துக்கோ."
யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பெட்டியாலேயே அடித்திருப்பேன்.

மார்ச் 10
ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கண் விழித்ததும் பசிக்கிறது என்றாளாம். அப்பாடா.

மார்ச் 12
பெரியதையே வாங்கச் சொல்லிவிட்டேன். தோள் வலி உயிர் போகிறது.

ஏப்ரல் 29
கிளினிக்குக்கு அக்கா போன் செய்தாள். இரண்டாவது மாடிப் பெரியவருக்கு இருமல் நிற்கவில்லையாம், எழுந்து வர முடியவில்லையாம்.
"உன் மெஷினைத் தூக்கிட்டு வா. வண்டி நிறுத்த இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."
"நீ எங்கேர்ந்துக்கா பேசுற?"
"கீழே, வாசல்லதான் நிக்கிறேன்."